இரண்டு தொண்ணூற்றொன்பது

துறையின் ஆண்டு மலருக்கு இனிமையான நினைவு ஏதாவது எழுதித் தரும்படி செல்வி கேட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கல்லூரியில் கணிதத் துறைத் தலைவரானவள் அவள். "சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் எழுதுங்க மேடம். பிள்ளையளுக்குப் பிரயோசனமா இருக்கும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவளே என் போனுக்கு ஒரு படம் அனுப்பினாள். இப்போதெல்லாம் விடைத்தாளைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்துத்தான் திருத்துகிறார்கள். அப்படித் திருத்தி முடித்த ஒரு தேர்வின் விடைக்குறிப்பில் ஒரு பக்கம் அது. கீழே, "நாலாவது பதில் கொஞ்சம் இடிக்குதே மேடம்?" என்று கேட்டிருந்தாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "n பகா எண். ஆகவே 2ⁿ − 1 பகா எண்" என்று இருந்தது. எனக்கு இருந்த சிரிப்பெல்லாம் அதோடு போயிற்று. என்னைப் பல்கலைக்கழகத் திருத்தும் முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய வரி அது. ஒரு பெண்ணின் ஒரு வருடத்தைத் தின்ற வரி. காகிதம் போய்த் திரை வந்துவிட்டது, சிவப்புப் பேனா போய் மவுஸ் வந்துவிட்டது, இந்த வரி மட்டும் குத்துக்கல்லாட்டம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே செல்வி, இனிமையெல்லாம் கிடையாது. என்னிடம் இருப்பதைத்தான் எழுத முடியும்.

கணக்குத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். 7, 11, 17 எல்லாம் அப்படி. 2ⁿ என்றால் n இரண்டுகளைப் பெருக்குவது. மூன்று இரண்டுகளைப் பெருக்கினால் 8, ஒன்றைக் கழித்தால் 7, பகா எண். ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31, அதுவும் பகா எண். ஏழுக்கு 127, அதுவும்தான். மூன்று, ஐந்து, ஏழு எல்லாம் பகா எண்களாக இருப்பதால், எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இப்படித்தான் வரும் என்று ஒருவருக்குத் தோன்றலாம். தோன்றுவதில் தப்பில்லை. அடுத்த பகா எண் பதினொன்று. பதினொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அது 23 பெருக்கல் 89. கதை முடிந்தது. இதைச் சரிபார்க்க ஒரு துண்டுக் காகிதம் போதும். அந்தக் காகிதத்தை எடுக்கத்தான் ஆளில்லை.

எம்.எஸ்சி. முடித்தேன், சங்கரன்கோவிலில் வேலை கிடைத்தது, இங்கேயே ஓய்வும் பெற்றேன். நடுவில் இருந்த வருடங்களைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. எண்ணியல் பாடம் என் பாடம். வேறு யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை திருத்தும் முகாமுக்காகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுவேன்.

முகாம் எப்படி நடக்கும் என்று இனி வருகிறவர்களுக்குத் தெரியப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன். ஒரு பெரிய ஹாலில் நீள மேசைகள். மாணவர் பெயரும் கல்லூரியும் இருக்கும் பகுதியைக் கிழித்துவிட்டு, வேறொரு எண் போட்டு, விடைத்தாள்களைக் கட்டாக்கித் தருவார்கள். அது யாருடைய தாள் என்று நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. காலையில் முதல் வேலையாக விடைக்குறிப்பை வாசித்துப் பேசுவோம். அதற்குப் பெயர் கீ. பிறகு கட்டைப் பிரித்துச் சிவப்பு மையில் திருத்த வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு முதன்மைத் தேர்வாளர், சீஃப் என்போம். அவருக்கு மட்டும் பச்சை மை. நாம் போட்ட மதிப்பெண்ணை அவர் மாற்றலாம். அவர் பச்சையில் போட்டதை நாம் மாற்ற முடியாது.

அந்த வரி கீயில் வந்த வருடம் எங்கள் மேசைக்குச் சீஃப் சிதம்பரநாதன் சார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குரலை உயர்த்த மாட்டார். எல்லாப் பெண்களையும் "அம்மா" என்பார். காபி வந்தால் நமக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் தான் எடுப்பார். நாம் எதைச் சொன்னாலும் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முழுதும் கேட்பார். கேட்டு முடித்ததும் கண்ணாடியை இறக்கி, கீயின் மேல் பேனா மூடியால் இரண்டு தட்டுத் தட்டி, "கீ என்ன சொல்லுது?" என்பார். அவ்வளவுதான். திட்டுகிற மேலதிகாரியைச் சமாளித்துவிடலாம், திருப்பித் திட்டலாம். இந்த மாதிரி பண்பான ஆளிடம் என்ன செய்வது? சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம், சுவருக்கு நோகாது.

கேள்வி இது: "1,31,071 பகா எண்ணா? காரணம் தருக." பத்து மதிப்பெண். பதினேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவதுதான் 1,31,071. கீயில் இருந்த பதில்: "இது 2¹⁷ − 1. 17 பகா எண். ஆகவே இதுவும் பகா எண்." கீ பேசும்போதே நான் எழுந்துவிட்டேன்.

"சார், விடை சரி. காரணம் தப்பு. பதினொன்னும் பகா எண்தான். அதுக்கு 2047 வருது. அது இருபத்துமூணால வகுபடும்."

கண்ணாடி நெற்றிக்குப் போயிற்று. கண் மூடியது. கண்ணாடி இறங்கியது.

"அம்மா, கேள்வி பதினொன்னைப் பத்தி இல்லையே? பதினேழைப் பத்தித்தான? பதினேழுக்குச் சரியாத்தான வருது?"

"சரியா வருது சார். ஆனா அவங்க சொல்லுத காரணத்தால வரல."

"வருதுல்ல? அது போதும்மா. உக்காருங்க."

என் பக்கத்தில் இருந்தவர் ஜேக்கப் சார், திருவேங்கடத்திலிருந்து வருகிறவர், நல்ல கணக்காளி. அவருக்கும் தப்பு தெரியும். குனிந்தபடியே என்னிடம், "விடுங்க மேடம். நாலு மணிக்குள்ள கட்டை முடிக்கணும். பஸ்ஸ விட்டா ராத்திரிதான் ஊரு போய்ச் சேரணும்" என்றார். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. சீஃபுக்குப் புரியவில்லை, சரி. புரிந்தவர் பஸ்ஸைப் பற்றிப் பேசலாமா?

உட்கார்ந்து திருத்தினேன். ஒவ்வொரு தாளாக அந்த ஒரு வரி வந்துகொண்டிருந்தது. கைடுகளில் அப்படித்தான் இருக்கிறது, பிள்ளைகள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பொய்க் காரணத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டுப் போட்டு என் கை கூசியது.

மத்தியானம் என் கட்டுக்குள் ஒரு தாள் வந்தது. பாதிக் கேள்விகள் தொடப்படவே இல்லை. எழுதியவை மட்டும் சுத்தமாக இருந்தன, ஒரு அடித்தல் இல்லை. கடைசியில் இந்தக் கேள்வி. நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அதிலிருந்த வழியைச் சொல்கிறேன். 1,31,071ஐ ஏதாவது ஓர் எண் வகுக்க வேண்டுமென்றால், 362க்குள் ஒரு பகா எண்ணாவது வகுக்க வேண்டும். ஏனென்றால் 363ஐ 363ஆல் பெருக்கினாலே இந்த எண்ணைத் தாண்டிவிடும். அதற்குள் பகா எண்கள் எழுபதுக்கும் மேல் இருக்கின்றன. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கத் தேர்வு நேரம் போதாது. ஆனால் 2¹⁷ − 1க்கு ஒரு குணம் உண்டு. அதை வகுக்கிற எந்தப் பகா எண்ணும் 34இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்க முடியும். அந்தத் தாளில் இதை நாலு வரியில் நிறுவியிருந்தது. அப்படிப்பட்ட பகா எண்கள் 362க்குள் நாலே நாலு: 103, 137, 239, 307. நாலு வகுத்தல் போட்டால் முடிந்தது. நாலும் போட்டிருந்தது. மீதிகள் 55, 99, 99, 289. எதிலும் மீதி பூச்சியம் இல்லை, ஆகவே பகா எண். பக்கத்தில் சிறிய எழுத்தில், "99 இரண்டு முறை வருகிறது. மறுபடி வகுத்துச் சரிபார்த்தேன்" என்று ஒரு குறிப்பு.

எத்தனையோ வருடம் தாள் திருத்தியிருக்கிறேன், ஒரு தாளைப் படித்து எனக்குக் கண் நிறைந்தது அன்றுதான். பத்துக்குப் பத்து போட்டு, முன்பக்கத்தில் கூட்டினேன். இந்தப் பத்தோடு சேர்த்தால் பாஸ், இது இல்லாவிட்டால் பெயில். எழுதியது ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. அந்த ஆள் தேறுவதும் தேறாததும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

கட்டைச் சரிபார்த்த சீஃப் அந்தத் தாளில் நின்றார்.

"அம்மா, இது கீயில இல்லையே?"

"கீயில இருக்கதைவிட இதுதான் சார் சரி. இது நிரூபணம்."

பேனா மூடி மெதுவாக இறங்கி அந்த இரண்டு 99க்கு அடியில் தட்டியது.

"ரெண்டு வேற வேற எண்ணால வகுத்தா ஒரே மீதி எப்படிம்மா வரும்? பாருங்க, இங்கன 137, இங்கன 239. ரெண்டுலயும் 99. வகுக்காம சும்மா எழுதினதும்மா. ஒன்னைப் பாத்து இன்னொன்னுல எழுதியாச்சு."

"வரும் சார். நீங்களே வகுத்துப் பாருங்க."

"அப்ப எதுக்கு இந்தக் குறிப்பு? நேர்மையா வகுத்தவன் எதுக்குச் 'சரிபார்த்தேன்'னு எழுதணும்? மனசுல ஒரு இது இருந்தாத்தான எழுதத் தோணும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒரு தாளை இழுத்து அவர் முன்னால் வகுத்தேன். 1,31,071இல் 99ஐக் கழித்தால் 1,30,972. அதை 137ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 956. 239ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 548. ஒரே எண் இரண்டாலும் வகுபடுகிறது, அதனால் இரண்டிலும் ஒரே மீதி. இதில் மாயமும் இல்லை, மோசடியும் இல்லை. அது அந்த எண்ணின் சுபாவம், கொஞ்சம் அபூர்வமான சுபாவம். நான் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் கண்ணாடியைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அன்பாகக் காத்திருந்தார். நான் முடித்துத் தாளை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"அம்மா, நாம கணக்குப் போட வரல. திருத்த வந்திருக்கோம்."

இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரிகிறது. கணக்குப் போடத் தெரியாமல் கணக்கை எப்படித் திருத்துவது? அரிவாளைத் தொடாமல் அறுப்பு அறுப்பதா? அதைத்தான் கேட்டேன், இன்னும் காரமாகவே கேட்டேன். ஹாலில் மற்ற மேசைகள் திரும்பிப் பார்த்தன. அவர் கோபப்படவில்லை. என் சிவப்புப் பத்தைப் பச்சையால் குறுக்கே அடித்து, பக்கத்தில் பூச்சியம் போட்டு, கையெழுத்திட்டார். முன்பக்கக் கூட்டலையும் மாற்றினார். அப்புறம் கட்டின் மேலட்டையை என்னிடம் தள்ளினார். திருத்தியவர் என்று அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட மாட்டேன்" என்றேன்.

"சரிம்மா. நீங்க போட வேண்டாம். உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு எழுதிக்கிடுதேன். வீட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க. வெயிலு வேற அதிகம்."

உடம்பு சரியில்லையாம். அப்படியே எழுதினார். அந்தக் கட்டின் அட்டையில் என் இடத்தில் ஜேக்கப் சார் கையெழுத்துப் போட்டார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறினேன். ஊர் வந்து சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன், இறங்கும்போது தாடை வலித்தது. தேர்வு அலுவலகத்துக்கு நிரூபணத்தோடு கடிதம் எழுதினேன். கடிதம் கிடைத்ததாகப் பதில் வந்தது. அதன் பிறகு எந்த முகாமுக்கும் என்னைக் கூப்பிடவில்லை.

முடிவுகள் வெளிவந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில், வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் கோமதி, ஊர் பனவடலிசத்திரம். எங்கள் கல்லூரி இல்லை, வேறு கல்லூரியில் படித்தவள். ஒரே ஒரு பேப்பர் போய்விட்டது என்றாள். பணம் கட்டி விடைத்தாளின் நகல் வாங்கியிருந்தாள். மறுமதிப்பீட்டுக்குப் போட வேண்டுமென்றால் பாட ஆசிரியர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் கல்லூரியில் எண்ணியல் எடுத்தவர் மாற்றலாகிப் போய்விட்டாராம். சங்கரன்கோவிலில் யாரிடம் கேட்டாலும் என் வீட்டைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

"பரீட்சை அன்னைக்கி பஸ்ஸு வரல மேடம். மணி அடிச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஹாலுக்குள்ள விட்டாவ. பாதிதான் எழுத முடிஞ்சிது. எழுதினது எல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான். எப்படிப் போச்சுன்னு தெரியல" என்றபடி நகலைப் பிரித்தாள்.

கடைசிப் பக்கம் வந்ததும் நகலை அவள் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்பு வெள்ளை நகலில் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் அந்தப் பத்து என் பத்து. குறுக்கே அடித்த கோட்டை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

நான் அந்தப் பக்கத்தையே பார்த்ததை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"அந்த ரெண்டு 99 தப்பா மேடம்? எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன். நேரம் இல்ல, ஆனாலும் பாத்தேன். அதான் பக்கத்துல எழுதினேன், திருத்துதவங்க சந்தேகப்படக் கூடாதுன்னு."

"நீ போட்டது சரி கோமதி. அத்தனையும் சரி" என்றேன். முகாமில் நடந்ததைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. சொன்னேன். சட்டமாவது மண்ணாவது. அவள் முழுதும் கேட்டுவிட்டு அந்தப் பத்தின் மேல் விரலால் ஒரு தடவை தடவினாள்.

சிவகிரியில் ஒரு தனியார் பள்ளியில் அவளுக்குக் கணக்கு டீச்சர் வேலை பேசி வைத்திருந்தார்கள். டிகிரி கையில் வந்தால் ஜூனில் சேரலாம். அவ்வளவுதான் அவள் கேட்டது. மறுமதிப்பீட்டுக்கு நானே எழுதிக் கொடுத்தேன். நிரூபணத்தையும், 1,30,972 இரண்டாலும் வகுபடுவதையும் தெளிவாக எழுதினேன். மறுமதிப்பீடு செய்கிறவருக்கு என் காகிதம் போகாது, கீ மட்டும்தான் போகும் என்று பிறகு தெரிந்தது. முடிவு: மாற்றமில்லை. ஜூன் போயிற்று, அந்த வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

அடுத்த தேர்வும் முடிந்து, முடிவும் வந்தபின் கோமதி மறுபடி வந்தாள், கையில் இனிப்புப் பொட்டலத்தோடு. பாஸ். அதே பள்ளியில் அடுத்த வருடத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஆனால் அவள் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள்.

"மேடம், நீங்க கோவிச்சுக்கிடக் கூடாது. திரும்பியும் அதே மாதிரி கேள்வி வந்துச்சு. இந்தத் தடவை பத்தொன்பது."

பத்தொன்பது இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 5,24,287. இதுவும் பகா எண்தான். இதற்கு 38இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்களைப் பார்க்க வேண்டும். ஆறு பகா எண்கள் தேறும்.

"நீ எப்படி எழுதின?"

"19 பகா எண், ஆகவே இதுவும் பகா எண்ணுன்னு எழுதினேன். ஒரே வரி. நகல் வாங்கிப் பாத்தேன், பத்துக்குப் பத்து போட்டிருக்காவ."

கோபம் வந்தது, ஆனால் அவள் மேல் வர முடியாத கோபம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா மனசு கேக்கல மேடம்" என்றாள் கோமதி. "கடைசிப் பக்கத்துல ரஃப்புன்னு போட்டு ஆறு வகுத்தலும் போட்டுப் பாத்துட்டுத்தான் அந்த வரியை எழுதினேன். இந்தத் தடவை ஆறு மீதியும் வேற வேற. யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது. ஆனாலும் பயமா இருந்துச்சு. பேப்பரைக் குடுக்கதுக்கு முன்னால அந்தப் பக்கத்தைக் குறுக்கால கோடு போட்டு அடிச்சிட்டேன்."